குரொய்டன் குளமும் அரியாலைத் தொட்டியும்

அரியாலை,
14.09.1986

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் சின்னம்மாவும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத் தேவையில்லை, கடிதத்தைப் பார்க்கவே தெரிகிறது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றரைப் பக்கமும் உங்கள் வீட்டுக்கார மிசிஸ் ஹிக்ஸின் பின்வளவுக் குளம். மிச்ச அரைப் பக்கம் எனக்கு. அதிலும் ஒரு வரி, "மாரி வருகிறது, எங்கள் தொட்டியைக் கவனியும்" என்று.

நான் வாசித்துக்கொண்டிருக்கச் சின்னம்மா வந்து, "மருமோன் என்ன எழுதியிருக்கிறார் பிள்ளை?" என்று கேட்டார்.

"குளத்துக்கு மேலாலை வலை கட்டுறாராம் சின்னம்மா."

"ஐயோ, உதுக்கோ லண்டனுக்குப் போனவர்? வலை கட்டுறதெண்டால் பாசையூர்க் கடலிலையே கட்டியிருக்கலாமே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்து இலை கொட்டி அழுகாமல் இருக்க வலையாம், நீங்கள் ஒரு கரையில் பிடிக்க அந்த மனிசி மற்றக் கரையில் பிடித்தாராம். இங்கே கிணற்றடித் தொட்டிக்குள் முருங்கை இலை எத்தனை வருடமாகக் கொட்டியது? ஒரு நாளாவது, "மலர், வாரும், இந்தப் பக்கத்தைப் பிடியும்" என்று என்னைக் கூப்பிட்டீர்களா? தொட்டிக்குக் கிட்ட வந்தாலே, சவர்க்காரக் கையோடு வரவேண்டாம் என்று கலைத்தீர்கள்.

நேரே கேட்கிறேன். அந்த மனிசிக்கு என்ன வயது? மூன்றரைப் பக்கத்தில் மீனின் வயதுகூட இருக்கிறது, அது மட்டும் இல்லை.

அடுத்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. ஒரு வருடத்தில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னீர்கள். கோயிலடியில் யாராவது, "எப்ப பயணம்?" என்று கேட்டால் நான் இப்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். சட்டத்தரணியிடம் போனீர்களா, இல்லையா? அதற்குப் பதில் எழுதுங்கள். குளம் பிறகு.

தொட்டி விளிம்பு ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. போன மாரிக்கு வெள்ளம் ஏறிச் சிவப்பு மீன்கள் ஒழுங்கைக்குப் போனதும், நான் பால்பேணியோடு பின்னால் ஓடியதும் அப்போதே எழுதினேன், நினைவிருக்கட்டும். யாரைக் கொண்டு கட்டுவிப்பது என்று எழுதுங்கள்.

இங்கே தனியே இருக்கும்
மலர்


குரொய்டன், லண்டன்,
05.10.1986

அன்பின் மலருக்கு,

உமது கடிதம் கண்டேன். குளத்தைப் பற்றி எழுதினால் உமக்குக் கோபம் வரும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் குளத்தில்தான் உமது பயணம் இருக்கிறது. அதை முதலே சொல்லாதது என் பிழை.

சட்டத்தரணியிடம் போனேன், எங்கள் ஊர் ஆள்தான். "மனிசியைக் கூப்பிடுறதெண்டால் ரெண்டுபேரும் இருக்க ஒரு இடம் காட்டவேணும் தம்பி. பெடியளோடை பங்கு அறையெண்டால் வெள்ளைக்காரன் விடமாட்டான்" என்றார். மிசிஸ் ஹிக்ஸின் மேல்மாடியில் முன்னறை சும்மா கிடக்கிறது. அதில் நீரும் நானும் இருக்கலாம் என்று அவர் கையெழுத்து வைத்துத் தந்தால் அலுவல் நடக்கும். கேட்டேன். முகத்தைப் பார்த்தார். "பனிக்காலம் முடியட்டும், யோசிக்கிறேன்" என்றார்.

குளம் அவருடைய கணவர் தன் கையால் வெட்டியது. அந்த மனிதர் இறந்துவிட்டார். இவருக்கு முழங்கால் வருத்தம், தண்ணீரில் இறங்க முடியாது. ஆகவே நான் இறங்குகிறேன். இதில் பிழை என்ன?

நேற்று மஞ்சளாய்ப்போன அல்லி இலைகளை எல்லாம் அடியோடு வெட்டினேன். அல்லிக் கூடைகளை ஆழமான பக்கத்துக்குத் தள்ளினேன், மேல் தண்ணீர் உறைந்தாலும் அடியில் கிழங்கு உயிரோடு இருக்குமாம். குளிர் தாங்காத மிதக்கும் செடிகளை வாளியில் அள்ளிக் கொட்டிலுக்குள் வைத்தாயிற்று. இனி ஒரு பந்தை மிதக்கவிட வேண்டும். பந்து அசைந்துகொண்டு நிற்பதால் அந்த இடம் உறைய நேரம் எடுக்கும், மீனுக்குக் காற்றுப் போகும். குளிர் கூடக் கூட மீனுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, பிறகு அடியோடு நிறுத்திவிட வேண்டுமாம். குளிரில் அதன் வயிறு வேலை செய்யாது, தின்றால் செத்துப்போகும் என்று டோரிஸ் சொன்னார். எனக்கு நம்பவே முடியவில்லை. வேலை செய்யும்போது நடுங்கினேன் என்று டோரிஸ் தன் கணவரின் கோட்டை எடுத்துத் தந்தார். நல்ல கம்பளிக் கோட்டு.

வயது கேட்டீர். நாற்பத்தெட்டு இருக்கலாம். என் தாயைப் போல.

தொட்டி விளிம்பை ஒரு கல் உயர்த்திக் கட்ட வேண்டும். பாசையூர் மேசன் சூசைதாசனைக் கூப்பிடும். பக்கத்து வீட்டுத் தேவராசாவைக் கூப்பிட வேண்டாம். சங்கக்கடையில் சீனி நிறுக்கிறவனுக்குச் சீமெந்து குழைக்கத் தெரியாது.

என்றும் உமது
அருளம்பலம்


அரியாலை,
26.10.1986

அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

போன கடிதத்தில் மிசிஸ் ஹிக்ஸ். இந்தக் கடிதம் பாதி வரை மிசிஸ் ஹிக்ஸ். பிறகு டோரிஸ் சொன்னார், டோரிஸ் தந்தார். எந்த இடத்தில் மிசிஸ் ஹிக்ஸ் டோரிஸ் ஆனார் என்று விரலை வைத்துத் தேடினேன். அல்லி வெட்டி முடிந்த பிறகுதான் ஆகியிருக்கிறார்.

நாற்பத்தெட்டு வயதுப் பெண் முப்பத்தெட்டு வயது ஆம்பிளைக்குத் தாயா? பத்து வயதில் பெற்றாரா உங்களை? செத்த மனிசனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த மனிசனின் குளத்துக்குள் நிற்கிறீர்கள். கரையில் நின்று பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு யார் நிற்பது மாதிரி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்தீர்களா? நான் இங்கே யோசித்து யோசித்து நித்திரை இல்லை. சின்னம்மா எனக்குப் பித்தம் என்று கொத்தமல்லி அவித்துத் தருகிறார்.

அந்த மனிசியின் தயவில் அந்த வீட்டு மேல்மாடியில் வந்து இருக்க எனக்கு விருப்பமில்லை. வேறு வீடு பாருங்கள். சின்னதென்றாலும் பரவாயில்லை. குளம் இல்லாத வீடாகப் பாருங்கள்.

இனித் தொட்டி. சூசைதாசனுக்கு ஆள் அனுப்பினேன், அவர் மன்னாருக்குப் போய்விட்டார். ஐப்பசி மழையோ வாசலுக்கு வந்துவிட்டது. ஆகவே தேவராசாதான் கட்டினார். இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். அழுகல் எல்லாம் அள்ளினார். நான் கரையில் நின்று தாமரைச் சட்டிகளை வாங்கினேன். "மலர், உந்தச் சட்டியை மெல்லப் பிடியும், சேறு சீலையிலை படப்போகுது" என்று மெத்தப் பக்குவமாய்ச் சொன்னார். சீமெந்தும் நன்றாகத்தான் குழைத்தார். விளிம்பு ஒரு கல் உயர்ந்துவிட்டது. வழிகிற தண்ணீருக்குக் குழாய் வைத்து, மீன் போகாமல் அதன் வாயில் கம்பிவலையும் கட்டியிருக்கிறார். சட்டிகளை எல்லாம் கல்லின்மேல் ஏற்றி வைத்தாயிற்று.

பின்னேரம் தேத்தண்ணீரோடு பருத்தித்துறை வடை கொடுத்தேன். நாலு தின்றார். நீங்கள் குளத்தை விபரமாக எழுதுகிறபடியால் நானும் விபரமாக எழுதுகிறேன்.

மலர்


குரொய்டன், லண்டன்,
16.11.1986

மலருக்கு,

உமது கடிதத்தைப் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும்போது வாசித்தேன். ஒரு காருக்குப் பிழையான எண்ணெயை அடிக்கப் பார்த்தேன். முதலாளியிடம் பேச்சும் வாங்கினேன்.

தேவராசா என்ன உரிமையில் உம்மை "மலர்" என்று கூப்பிடுகிறான்? உமக்கு இராசமலர் என்று முழுப்பெயர் இல்லையா? உம்மை மலர் என்று கூப்பிடுவது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டோரிஸை டோரிஸ் என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். இங்கே பிள்ளைகள்கூடப் பெரிய ஆட்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அரியாலையில் அந்த வழக்கம் எப்போது வந்தது?

அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். உம்மைப் பெண் பார்க்க நாங்கள் வந்தபோது அவனும் கூட வந்தவன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில், "உனக்கு வாய்ச்சிட்டுது மச்சான்" என்றான். அப்போது சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்தக் குரல் வேறு மாதிரிக் கேட்கிறது.

அந்த வேலிப் பொட்டை உடனே அடைப்பியும். அது அவன் தாய் உயிரோடு இருந்தபோது பெண்கள் கிணற்றுக்கு வந்துபோக வைத்த பொட்டு. இப்போது அந்த வீட்டில் பெண்கள் இல்லை, தேவையுமில்லை. கிடுகு ஓலை வாங்கி, நல்ல கதியால் தடியாகப் போட்டு இறுக்கி அடைக்கச் சொல்லும்.

குளத்து மீன்களுக்குச் சாப்பாடு நிறுத்தியாயிற்று. அவை அடியில் கல்லுக்கடியில் அசையாமல் கிடக்கின்றன. வேலை விட்டு வந்து பார்ப்பேன். பசியோடு கிடக்கிறது மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது, ஒன்றும் செய்ய ஏலாது. பனி உறைந்தால் அடித்து உடைக்கக்கூடாதாம், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்க வேண்டுமாம்.

தை மாதம் அம்மாவின் திவசம் வருகிறது. நீர் அங்கே ஐயரைக் கூப்பிட்டு முறையாகச் செய்யும். நானும் இங்கே ஒரு பிடி படைக்க யோசிக்கிறேன். போன வருடம் வெளியே இலையில் சோறு வைத்துக் "கா கா" என்று கூப்பிட்டேன். இந்த ஊர்க் காகத்துக்குச் சோறு தெரியவில்லை. பின்னேரம் வரை அப்படியே கிடந்தது, மழையில் நனைந்து போயிற்று. அம்மா பட்டினியாய்த் திரும்பிப் போனது மாதிரி இருந்தது. என்ன செய்யலாம் என்று சின்னம்மாவிடம் கேட்டு எழுதும்.

வீடு மாற முடியாது. கையெழுத்து டோரிஸிடம்தான் இருக்கிறது.

அருளம்பலம்


அரியாலை,
07.12.1986

அத்தானுக்கு,

பொட்டை அடைத்துவிட்டேன். கதியால் போட்டு, இரட்டைக் கிடுகு வைத்து, எலிகூட வராமல் அடைத்தாயிற்று. ஆனால் மழை விட்டபாடில்லை, குழாய் வாயில் இலை அடைக்கிறது, தொட்டி பார்க்க ஆள் வேண்டும். ஆகவே தேவராசா இப்போது முன்படலையால் வருகிறார். முன்னர் பொட்டால் வந்தது எனக்கும் சின்னம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் சுற்றிப் படலையைத் தட்டி வருகிறார், ஊரே பார்க்கிறது. உங்கள் புத்திக்கு நல்ல பலன்.

கோட்டையில் இருந்து ஆமி செல் அடிக்கிற நாட்களில் நாங்கள் பொட்டால் ஓடி அவருடைய பங்கருக்குள் இருப்போம். இப்போது அதற்கும் ஒழுங்கையால் சுற்ற வேண்டும். சின்னம்மா நேற்று ஓடும்போது ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திவச விசயம் சின்னம்மாவிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காகம் வராவிட்டால் என்ன? தண்ணீரும் மீனும் இருக்கிறதே. கீரிமலைக் கடலில் பிண்டம் கரைத்தால் அதை யார் தின்கிறது? மீன்தானே. மீனின் வாயில் போனால் மாமிக்குப் போனது மாதிரித்தான். ஆகவே நன்றாகச் சமையுங்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மாமிக்கு விருப்பமான உழுந்து வடை. இலையோடு கொண்டுபோய் முழுவதையும் அந்தக் குளத்தில் போடுங்கள். கொஞ்சமாகப் போடாதீர்கள், மாமி வாழ்ந்த காலத்தில் அரை வயிற்றோடு எழும்பினவர் இல்லை. பட்டினி கிடக்கிற வாயில்லாச் சீவன்களுக்கு ஒரு நாளாவது வயிறு நிறையட்டும். புண்ணியம்.

டோரிஸிடம் கேட்கத் தேவையில்லை. உங்கள் தாய்க்கு நீங்கள் செய்கிற கடமைக்கு அந்த மனிசி யார் உத்தரவு தர?

மலர்


குரொய்டன், லண்டன்,
01.02.1987

அன்பின் மலருக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திவசத்தன்று டோரிஸ் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தார். விடியக் குளித்து, விரதமிருந்து, நீர் எழுதியபடி எல்லாம் சமைத்தேன். வடை ஓட்டை சரியாக வரவில்லை, ஆனால் ருசி வந்தது. இலையோடு கொண்டுபோய்க் குளக்கரையில் நின்றேன். போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீர் எழுதியிருந்தீர். இலையில் ஆவி பறக்க அந்தச் சோற்றைப் பார்த்தபோது அம்மா வந்து நிற்கிறது மாதிரியே இருந்தது. போட்டுவிட்டேன். அடியில் கிடந்த பெரிய மீன் மெல்ல மேலே வந்து வடையில் ஒரு துண்டைத் தின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உமக்குச் சொல்ல முடியாது.

அந்தக் கிழமையே இந்த நாட்டில் பெரிய பனி விழுந்தது. வாசல் கதவு திறக்க முடியாத பனி. குளம் பந்தோடு சேர்த்து இறுகிவிட்டது. பனி இளகியதும் நானும் டோரிஸும் போய்ப் பார்த்தோம். தண்ணீர் பழஞ்சோற்றுத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக நாறியது. மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவருடைய கணவர் விட்டுப்போன அந்தப் பெரியதும்.

"என்ன போட்டாய்?" என்று கேட்டார். சோறு, பருப்பு, வடை என்றேன். "ஏன்?" என்றார். என் அம்மாவுக்கு என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. மலர், நான் அழுதுவிட்டேன். மீனுக்கு அழுதேனா, அம்மாவுக்கு அழுதேனா, தெரியாது. வலையைக் கையில் பிடித்தபடி பனிக்குள் குந்தியிருந்து சத்தமாக அழுதேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உமக்கு ஒளிக்க விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டைவிட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். கணவர் இறந்த நாள் வரும்போதெல்லாம் அவர் குளக்கரைக்கு வந்து நிற்பாராம். என்ன செய்கிறதென்று தெரியாமல் திரும்பி உள்ளே போய்விடுவாராம். அதைச் சொல்லிக்கொண்டு தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். பின்னேரம் மேல்மாடி அறைக்குக் கையெழுத்து வைத்துத் தந்தார். சட்டத்தரணியிடம் கொடுத்தாயிற்று. விசாவுக்குக் கொழும்பில் உம்மைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆயத்தமாக இரும்.

ஒன்று கேட்க வேண்டும். குளிரில் மீன் தின்றால் சாகும் என்று நான் உமக்கு எழுதியிருந்தேன். அதை மறந்துபோய் அப்படி எழுதினீரா, மறக்காமல் எழுதினீரா? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வந்தால் போதும்.

உமது
அருளம்பலம்


அரியாலை,
22.02.1987

அன்புள்ள அத்தானுக்கு,

மறக்காமல்தான் எழுதினேன்.

சாகும் என்று நினைக்கவில்லை. ஒன்றிரண்டுக்கு வருத்தம் வரும், அந்த மனிசி உங்களை ஏசும், நீங்கள் ரோசப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கு ரோசம் மூக்குநுனியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். குளம் வெள்ளையாய் நாறியது என்று வாசித்தபோது, பொய் சொல்லவில்லை, முதலில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. "உனக்கு வேணும்" என்று டோரிஸுக்குச் சொன்னேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. சின்னம்மா, "ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று பயந்துவிட்டார்.

"அத்தான் அழுதவராம் சின்னம்மா."

"ஆர், அருளம்பலமோ? சும்மா கதையாதை. அவன் தாய்க்குக் கொள்ளி வைச்சிட்டு வந்து, வாடகைக் கதிரை குறையுதெண்டு எண்ணிக்கொண்டு நிண்டவன்."

ஓம் அத்தான். மாமியின் செத்தவீட்டில் நீங்கள் அழவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் உங்கள் சேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும், பெட்டிப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இந்த மனிசனுக்கு அழத் தெரியாது, ஆள் அப்படித்தான் என்று நான் எனக்கே சொல்லிச் சமாதானமாகி, அப்படியே உங்களோடு வாழ்ந்தேன். கோட்டுத் தந்தார் என்று எரிந்தேன். வலை பிடித்தார் என்று எரிந்தேன். கை பிடித்ததைக்கூட ஒருவாறு விழுங்கிவிட்டேன். ஆனால் நீங்கள் சத்தமாக அழுதீர்களாம், அதைப் பக்கத்தில் நின்று அந்த மனிசி பார்த்தாராம். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த மனிசிக்குத் தெரியும். இதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே வருகிறேன். மேல்மாடி என்றாலும் சரி, மாட்டுக்கொட்டில் என்றாலும் சரி. கொழும்பில் இருந்து கடிதம் வந்துவிட்டது. வவுனியாவில் ஆமி சோதனைக்கு இறக்கி ஏற்றுவார்களாம், இரண்டு நாளும் எடுக்கலாமாம். சின்னம்மாவின் தம்பி கூட்டிக்கொண்டு போகிறார். கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வேன், பயப்பட வேண்டாம்.

தொட்டியைத் தேவராசாவிடம் ஒப்படைக்கிறேன். மாரி முழுவதும் ஒரு மீன்கூட ஒழுங்கைக்குப் போகவில்லை, தாமரை புது இலை விட்டிருக்கிறது. சின்னம்மாவுக்குப் பங்கருக்கு ஓட வசதி வேண்டும் என்று பொட்டையும் திறந்துவிட்டேன். நான் அங்கே வந்த பிறகு தேவராசா எந்த வழியால் வந்தால் உங்களுக்கென்ன?

டோரிஸுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மீன் செத்ததற்கு நான் வருந்துகிறேன் என்றும் சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். ஏன் வருந்துகிறேன் என்பதைச் சொல்ல வேண்டாம். குளத்தைக் கழுவிக் காயவிடுங்கள், புது மீனை நான் வந்து விடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். நான் வந்து சேரும்வரைக்கும் அழ வேண்டாம். அழுகை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். நான் வந்த பிறகு அழலாம்.

உங்கள்
மலர்